புக்கிட் தீமாவில் வண்டு பிடித்த வாலஸ்: ஒரு காடு எதுவரை தாங்கும்?

ஒரு சதுர மைல் காடு. இரண்டே மாதம். 700 வகை வண்டுகள்.

அமேசான் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது நம்ம புக்கிட் தீமா கணக்கு. 1854-ல் கையில் வலையும் இடுப்பில் புட்டியுமாக அந்த மலையைச் சுற்றிவந்த ஒரு பிரிட்டிஷ்காரர் சேர்த்தது. அவருக்கு அப்போது 31 வயது. அந்த 700-ல் 130 வகை, நீளமான உணர்கொம்புகள் கொண்ட வண்டுகள். பல வகைகள் அதுவரை அறிவியல் உலகுக்கே தெரியாதவை.

இவ்வளவு வண்டுகள் எப்படி ஒரே இடத்தில் கிடைத்தன? மண்ணும் மழையும் செடிகொடிகளும் ஒரு காரணம் என்றார் அவர். அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் நம்மை யோசிக்க வைப்பது: சீன மரவெட்டிகள். அவர்கள் பல ஆண்டுகளாக அங்கே மரம் வெட்டிவந்தார்கள். விழுந்த மரங்களின் பட்டை, காய்ந்த இலை, மரத்தூள் எல்லாம் வண்டுகளுக்கும் அவற்றின் புழுக்களுக்கும் விருந்தாகிவிட்டன.

அதாவது, காட்டை வெட்ட வெட்ட அவருக்கு வண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. கொஞ்ச காலத்துக்கு.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் பெயராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் ஒரு காடோ தீவோ எப்படி நிலையாக நிற்கிறது, மாற்றம் வந்தால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு, நம் வட்டாரத்தில் காலால் நடந்து பதில் தேடியவர் அவர்.

14 வயதில் பள்ளியை விட்டவர்

வாலஸ் 1823 ஜனவரி 8-ஆம் தேதி, வேல்ஸில் அஸ்க் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். குடும்பத்தில் பணம் கரைந்துகொண்டே போனது. 14 வயதோடு பள்ளி முடிந்தது. அண்ணன் வில்லியமுடன் நில அளவை வேலைக்குப் போனார். வயலும் குன்றுமாக நடந்து நடந்து அளந்த நாள்களில்தான் செடிகொடிகள் மீது ஆசை வந்தது.

பிறகு லெஸ்டர் நகரில் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. அங்கே ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியத்தைச் சந்தித்தார். அந்தப் பைத்தியம் இவருக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் 1848-ல் அமேசானுக்குக் கப்பல் ஏறினார்கள். பூச்சி, பறவைகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, அவற்றை விற்ற காசில் பயணச் செலவைச் சமாளிப்பது திட்டம். டார்வினுக்கு வசதியான அப்பா இருந்தார். வாலஸுக்கு வண்டுகள்தான் இருந்தன.

அமேசான் அவரிடம் நிறைய பறித்துக்கொண்டது. உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 1852-ல் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. கூடவே கொண்டுவந்த சேகரிப்பு முழுதும், குறிப்பேடுகள் பெரும்பாலானவையும் சாம்பல். சிறு படகில் பத்து நாள் மிதந்த பிறகு வேறொரு கப்பல் காப்பாற்றியது.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு போதும் என்றிருப்பார். இவர் இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் மூட்டை கட்டினார். இந்த முறை கிழக்கே.

புலிக்குழியும் காம்பியரும்

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். கூட வந்தவர் சார்ல்ஸ் ஆலன் என்ற பதின்ம வயதுப் பையன். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கினார்கள்.

அப்போதைய புக்கிட் தீமாவை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். மலையுச்சியில் காடு. சுற்றிலும் சரிவுகளில் காம்பியர், மிளகுத் தோட்டங்கள். காம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிடப் பயன்பட்டது. வெற்றிலையோடு மெல்லவும் செய்தார்கள். நம்ம ஊர்க் காசுக்கட்டி மாதிரி. இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு. சில ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். பிறகு தோட்டக்காரர் அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கும்.

காட்டின் நடுவே தோட்டங்கள் போனதும் அங்கே வேலை செய்தவர்கள் புலிகள் திரியும் இடத்துக்கே போய்விட்டார்கள். தீவில் தினமும் சராசரியாக ஒருவர் புலிக்குப் பலியானதாக வாலஸ் எழுதியிருக்கிறார். புலிகளைப் பிடிக்க ஆங்காங்கே 15, 20 அடி ஆழத்தில் குழி வெட்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பி வைத்திருந்தார்கள். வண்டைப் பார்த்துக்கொண்டே நடந்த வாலஸ் அவற்றில் விழாமல் தப்பியதே பெரிய விஷயம்.

காட்டின் பரப்பு குறையக் குறைய புலிகளுக்கு இரையும் இடமும் சுருங்கின. சுட்டதும் குழியில் பிடித்ததும் போக, மிச்சமிருந்தவையும் தேய்ந்தன. 1930-ல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்ட புலிதான் சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 'பிரச்சினை தீர்ந்தது' என்று அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். புலி போன பிறகு காட்டுப்பன்றியை யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி இன்றைக்குத்தான் நமக்கு வந்திருக்கிறது.

ஒரு வண்டுக்கு ஒரு காசு

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா, பிறகு சரவாக். 1855-ல் சிமுஞ்சான் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். வாலஸுக்கு அது கொண்டாட்டம். கொண்டுவரும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு காசு என்று அறிவித்தார். வேலையாள்கள் மூங்கில் குழாய்களில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டு வகைகள் சுமார் 2,000. நூற்றைத் தவிர மற்ற எல்லாமே அந்த ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை. மறுபடியும் அதே கதைதான்: புதிதாக வெட்டிய மரம், குவியும் வண்டு.

அங்கே அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரும்பொருளகங்களுக்காக ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். ஒன்றல்ல, பல. சுட்ட தாயின் குட்டி ஒன்றைத் தானே எடுத்து வளர்த்தார். சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார். பால் கிடைக்காத இடம் அது. மூன்று மாதத்தில் குட்டி இறந்தது. அவர் உண்மையிலேயே வருந்தினார். அடுத்த ஓராங் ஊத்தானையும் சுட்டார். அன்றைய இயற்கை ஆய்வாளர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்பது விளக்கம். அதற்காக அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சரவாக்கில்தான் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் சமையல். பிறகு பறவைகளைச் சுடுவது, தோலுரித்துப் பதப்படுத்துவது, புதிய வேலையாள்களுக்குப் பழக்கிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எட்டு ஆண்டில் வாலஸ் சேர்த்தவை 1,25,660. அதில் 83,200 வண்டுகள், 8,050 பறவைகள். அலி போன்றவர்கள் இல்லாமல் அந்த எண்ணிக்கையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

நீரிணைக்கு அந்தப் பக்கம் வேறு உலகம்

1856-ல் மக்காசாருக்குப் போக நேரடிக் கப்பல் கிடைக்கவில்லை. சுற்றுவழியில் பாலித் தீவுக்கும் அங்கிருந்து லொம்போக்குக்கும் போனார். அந்தத் தாமதம் அவரைப் புகழடைய வைத்தது.

பாலியில் மரங்கொத்தி, குக்குறுவான் என்று நம் பக்கத்துப் பறவைகள். சிறிய நீரிணையைத் தாண்டி லொம்போக்கில் கால் வைத்தால் வெள்ளைக் காக்கட்டூ, தேனுண்ணி என ஆஸ்திரேலியப் பக்கத்துப் பறவைகள். வெயிலிலும் மழையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் இந்த மாற்றம்?

கடலின் ஆழத்தில் விடை இருந்தது. சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பாலி, மலாயா எல்லாவற்றுக்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது. ஒரு காலத்தில் அவை ஒரே நிலமாக இருந்தன. நடந்தே போயிருக்கலாம். லொம்போக் நீரிணையோ மிக ஆழம். அங்கே நிலப்பாலம் இருந்ததில்லை. இன்று நாம் பனியுகம் பற்றி அறிந்ததை வைத்துச் சொன்னால், கடல்மட்டம் தாழ்ந்தபோது விலங்குகள் விரிந்தன. உயர்ந்தபோது தீவுகளில் சிக்கின. அந்த எல்லைக்கோட்டுக்குத்தான் பின்னர் வாலஸ் கோடு என்று பெயர் வந்தது.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கோட்டோடு வாலஸ் முடிந்துவிடுவார். என்னைக் கேட்டால் அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் முக்கியம்.

1857-ல் நியூ கினிக்கு அருகே உள்ள அரு தீவுகளில், சிவப்பும் வெள்ளையுமாக ஜொலிக்கும் ஒரு சிறு சொர்க்கப்பறவையைக் கையில் ஏந்தினார். அவருடைய மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. உடனே ஒரு கவலையும் வந்தது. மனித வாழ்க்கை அந்தத் தொலைதூரக் காடுவரை வந்துவிட்டால், அங்கே உயிருள்ளவைக்கும் உயிரற்றவைக்கும் இடையே இருக்கும் நுட்பமான சமநிலை குலையும். இந்தப் பறவையை ரசிக்கத் தெரிந்த மனிதனே அது மறையக் காரணமாவான் என்று எழுதினார். எல்லா உயிர்களும் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்பதும் அவருடைய முடிவு.

'ஈக்கோசிஸ்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆர்தர் டான்ஸ்லி 1935-ல்தான் உருவாக்கினார். சொல் பிறப்பதற்கு 78 ஆண்டுக்கு முன்பே வாலஸ் விஷயத்தைத் தொட்டுவிட்டார்.

காய்ச்சலில் போட்ட கணக்கு

1858 பிப்ரவரி. மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தார் வாலஸ். குளிர் வந்து போகும் நேரத்தில் வேறு வேலை செய்ய முடியாது, யோசிக்கலாம்.

அவர் யோசித்தது இதைத்தான். ஒரு ஜோடிப் பறவை ஆண்டுக்கு நான்கு குஞ்சு பொரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் நான்கே முறை. எல்லாம் பிழைத்தால் 15 ஆண்டில் எத்தனை? ஏறக்குறைய ஒரு கோடி என்று எழுதினார். (பின்னர் சரிபார்த்தபோது 200 கோடிக்கும் மேல் என்று தெரிந்தது. காய்ச்சல் கணக்கு!) ஆனால் நாட்டில் பறவைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் பிறக்கும் அளவுக்கு ஒவ்வோர் ஆண்டும் இறக்கவும் வேண்டும்.

காடு அமைதியாக இருக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்த அமைதிக்குள் நடப்பது இது. பிறப்பும் இறப்பும் ஓயாமல் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலத் தெரியும். இறப்பவை எவை, பிழைப்பவை எவை என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் அவருக்கு இயற்கைத் தேர்வு கிடைத்துவிட்டது.

அதே கட்டுரையில் ஒரு நீராவி எஞ்சின் வருகிறது. அந்தக் கால எஞ்சின்களில் சுழலும் இரண்டு குண்டுகள் கொண்ட கவர்னர் என்ற கருவி இருக்கும். எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து நீராவியைத் திறந்துவிடும். வீட்டில் ஏர்கானை 25 டிகிரியில் வைத்தால் அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்கிறதே, அதே தத்துவம். உயிரினங்களில் ஏற்படும் குறைபாடுகளும் பெரிதாவதற்குள் இப்படித்தான் திருத்தப்படுகின்றன என்றார் வாலஸ். உடலமைப்பைப் பற்றித்தான் அவர் பேசினார். ஆனாலும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இயற்கை என்ற எண்ணத்துக்கு இது மிகப் பழைய, தெளிவான படம்.

இன்னொரு எடுத்துக்காட்டு, வட அமெரிக்காவின் பயணிப் புறா. அது ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை இடும் என்பார்கள். ஆனால் வானத்தை மறைக்கும் கூட்டம் கூட்டமாகப் பறந்தது. ஒரு முட்டை இடும் பறவை எப்படி இவ்வளவு பெருகும்?

வாலஸின் பதில்: அதற்குப் போக இடம் இருந்தது. ஓக், பீச் மரக்காடுகள் பெரும் பரப்பில் பரந்திருந்தன. ஓர் இடத்தில் காய்ப்பு பொய்த்தால் அந்தப் புறா வேகமாக, நெடுந்தூரம் பறந்து இன்னோர் இடத்தில் தீனி தேடிக்கொள்ளும். எத்தனை முட்டை என்பதைவிட, கெட்ட காலத்தில் எங்கே போக முடியும் என்பதுதான் எண்ணிக்கையைத் தீர்மானித்தது.

இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இந்தப் புறாவிடம் திரும்பி வருவோம்.

கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். 20 ஆண்டாக அதே எண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த டார்வின் ஆடிப்போனார். 1858 ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்துகளும் சேர்த்து வாசிக்கப்பட்டன. வாலஸ் அப்போது நியூ கினியில் இருந்தார், விஷயமே தெரியாது. தெரிந்த பிறகும் அவர் கோபப்படவில்லை. பிற்காலத்தில் தன் கொள்கைக்கே டார்வினியம் என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதினார்.

ஆடு தின்ற தீவு

1862-ல் ஊர் திரும்பும்போது சிங்கப்பூரில் இரண்டு உயிருள்ள சொர்க்கப்பறவைகளை வாங்கிக்கொண்டு போனார். அவற்றுக்குத் தீனி? கரப்பான்பூச்சி. கப்பலில் வேட்டையாடிப் போதாமல், மால்ட்டாவில் ஒரு ரொட்டிக் கடையில் போய்ப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். இரண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தன.

மறு ஆண்டே ஒரு கட்டுரையில் எச்சரித்தார்: ஒவ்வொரு உயிரினமும் பூமியின் வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் எழுத்து. எழுத்துகள் உதிர்ந்தால் வாக்கியம் புரியாமல் போகும்.

1880-ல் வெளிவந்த 'தீவு வாழ்க்கை' நூலில் அவர் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவின் கதையைச் சொன்னார். சிங்கப்பூரில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள தீவு. போர்த்துகீசியர்கள் 1513-ல் அங்கே ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தீவு முழுதும் காடு. ஆடுகளால் பெரிய மரத்தை என்ன செய்ய முடியும்?

எதுவும் செய்யவில்லை. கன்றுகளை மட்டும் தின்றன. பெரிய மரங்கள் பல தலைமுறைக்கு நின்றன. பார்ப்பவர்களுக்குக் காடு நன்றாகத்தான் தெரிந்தது. கிழ மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது அந்த இடத்துக்கு வர இளமரம் இல்லை. பிறகு மழை. பிடித்து வைக்க வேர் இல்லாத சரிவுகளில் மண் கழுவிக்கொண்டு போனது. மண் போன பிறகு ஆடுகளை அகற்றினாலும் பழைய காடு திரும்பாது.

எனக்கு இந்தக் கதையில் பயமூட்டுவது அந்த இடைவெளி. கேடு ஆரம்பித்ததற்கும் கண்ணுக்குத் தெரிந்ததற்கும் இடையே எத்தனையோ ஆண்டுகள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1878-ல், வெப்பமண்டல இயற்கை பற்றிய நூலில் இலங்கை, இந்திய மலைகளையும் தொட்டிருந்தார். காப்பித் தோட்டங்களுக்காகச் சரிவுகளைச் சுத்தமாக மழித்தால் கனமழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும், பருவநிலையும் கெடும், நாடு ஏழையாகும் என்றார். அந்தச் சரிவுகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தமிழகத்திலிருந்து போன தமிழர்கள். மலையெங்கும் ஒரே பயிர் என்பதில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. 1869-ல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பித் துரு நோய், தடுக்க வேறு மரமே இல்லாத தோட்டங்களில் பரவியது. 1880-களில் காப்பித் தொழில் நொறுங்கியது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டத் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

நோய் ஒரு காட்டுக்குள் வந்திருந்தால் ஒரு மரம் விட்டு ஒரு மரம் தேட வேண்டியிருக்கும். தோட்டத்தில் அதற்கு அந்தச் சிரமம் இல்லை.

வாலஸின் கடைசி ஆண்டுகள் கொஞ்சம் விசித்திரமானவை. ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். அது தவறு என்று காலம் காட்டிவிட்டது. பணத்தைக் கையாளத் தெரியாமல் திண்டாடியபோது டார்வினும் நண்பர்களும் முயன்று 1881-ல் அரசாங்க ஓய்வூதியம் வாங்கித் தந்தார்கள். 1908-ல் பிரிட்டனின் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் மெரிட்' கிடைத்தது. 1913 நவம்பர் 7-ஆம் தேதி, 90 வயதில் காலமானார்.

புறாவுக்கு என்ன ஆச்சு?

வாலஸ் இறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் மார்த்தா என்ற புறா இறந்தது. உலகின் கடைசிப் பயணிப் புறா அதுதான்.

அவர் அந்தக் கட்டுரையை எழுதிய 1858-ல் அவை கோடிக்கணக்கில் இருந்தன. பிறகு ரயிலும் தந்தியும் வந்தன. புறாக்கள் எங்கே கூடு கட்டியிருக்கின்றன என்று தந்தி சொல்லும். ரயில் வேட்டைக்காரர்களைக் கொண்டுபோய் இறக்கும், இறைச்சியைப் பெட்டி பெட்டியாக நகரத்துக்குக் கொண்டுவரும். இன்னொரு பக்கம் காடுகள் வயல்களாயின. பறந்து போய்ப் பிழைக்கும் வித்தை, போகும் இடமெல்லாம் துப்பாக்கி காத்திருந்தால் உதவாது. ஒரு முட்டையால் அந்த இழப்பை ஈடுகட்டவும் முடியாது. எஞ்சினின் கவர்னர் தன் எல்லைக்குள்தான் வேலை செய்யும். அதைத் தாண்டி ஓடவிட்டால் எஞ்சின் உடைந்துபோகும்.

அப்போ புக்கிட் தீமா?

வாலஸ் போன பிறகும் வெட்டு நிற்கவில்லை. 1880-களில் காட்டுக் காப்பிடங்கள் ஏற்படுத்தப்பட்டபோது தீவின் பெரும்பாலான காடு போய்விட்டிருந்தது. 1819-க்குப் பிறகு சிங்கப்பூர் தன் இயற்கைக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்ததாக 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாமலே மறைந்தவற்றையும் சேர்த்து, இங்கிருந்த உயிரினங்களில் சுமார் 37 விழுக்காடு அழிந்திருக்கலாம் என்கிறது 2023-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு.

இன்று புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி 160 ஹெக்டருக்குச் சற்று அதிகம். வார இறுதியில் ஏறினால் பச்சைப்பசேல் என்று, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். காட்டு மரங்களில் பல, சில நூறு ஆண்டுகள் வாழக்கூடியவை. பெரிய பழங்களை விழுங்கி விதையைத் தூரத்தில் போடும் பெரிய இருவாச்சிப் பறவைகள் அங்கே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. தாய்மரம் நிற்கும், பழுக்கும். பழம் அதன் அடியிலேயே விழும். செயின்ட் ஹெலினாவில் ஆடு கன்றைத் தின்றது. இங்கே கன்று தூரமாகப் போய் முளைக்கவே வழி குறைந்திருக்கிறது. 1980-களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது, பக்கத்தில் இருந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டோடு இருந்த தொடர்பும் அறுந்தது. பறக்காத விலங்குகளுக்கு அது ஒரு லொம்போக் நீரிணை மாதிரி.

சில உயிர்கள் திரும்பியும் வந்திருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த கறுப்பு-வெள்ளை இருவாச்சி 1994-ல் பூலாவ் ஊபினில் தென்பட்டது. கூடுகட்டப் பொந்துள்ள முதிய மரங்கள் போதாததால் மனிதர்கள் பெட்டிகள் செய்து மரத்தில் கட்டிவைத்தார்கள், பறவை ஏற்றுக்கொண்டது. நீர்நாய்கள் ஆற்றோரத்தில் நடைபயிற்சி போகிறவர்களோடு ஓடுகின்றன. காட்டுப்பன்றிகளும் பெருகியிருக்கின்றன. அவற்றைத் துரத்தப் புலி இல்லை.

அறுந்த தொடர்பை ஒட்டும் வேலையும் நடந்திருக்கிறது. 2013-ல் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டினார்கள். மேலே மண் கொட்டி, இங்கத்திய மரங்களை நட்டார்கள். அது மனிதர்கள் நடக்க அல்ல. மண்டாயில் இன்னொன்று 2019-ல் திறந்தது. கீழே ஆறு தடங்களில் வாகனங்கள் விரைய, மேலே இரவில் எறும்புத்தின்னி ஒன்று மெதுவாகக் கடந்து போனதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

வாலஸ் வண்டு பிடித்த பகுதிக்கு நீங்களும் போகலாம். புக்கிட் தீமாவை ஒட்டிய டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. விழுந்து கிடக்கும் மரம் ஒன்றைப் பார்த்தால் நின்று அதன் பட்டையைக் கவனியுங்கள். தொடாமல்.